அவசரமில்லாத ஒரு மணி நேரம்

ஏனுங்க,

நேற்று என் மேசை டிராயரைத் துடைக்கும்போது உள்மூலையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுக் குறிப்புச் சீட்டு அகப்பட்டது. ரப்பர் இளகி அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. பிய்த்தெடுத்ததும் கிரீஸ் வாசனை அடித்தது. ஸ்டோர்ஸ் அறையில் பேரிங்கும் ஆயில் சீலும் அடுக்கிய ரேக்குகளுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களே, அந்த இடத்தின் வாசனை. உங்கள் சீட்டுகளையெல்லாம் உங்கள் வீட்டில் ஒப்படைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். இந்த ஒரு கட்டு மட்டும் எப்படியோ என்னிடம் தங்கிவிட்டது. எதையும் எங்கும் தங்கவிடாத ஆள் என்று கம்பெனியில் பெயர் வாங்கியவன் நான்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு, எழுதாமல் இருக்கும் தைரியமும் போய்விட்டது.

கோயமுத்தூர் கணபதியில் அந்தப் பம்புசெட்டுக் கம்பெனியில் இருபது வருடம் நாம் பக்கத்துப் பக்கத்து அறை. நான் பிளானிங், நீங்கள் ஸ்டோர்ஸ், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தும் ஒருநாள்கூட நாம் நீ, வா, போ என்று பேசிக்கொண்டதில்லை. காலையில் கண்ணாடியை விரலால் தட்டி, "ஏனுங்க பிளானிங்காரரே, டீ ஆச்சுங்களா?" என்பீர்கள். ஆகியிருந்தாலும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து வருவேன்.

உங்கள் ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வேலை விவரம் எழுதும் பழைய ஜாப் கார்டு அட்டைகளைக் கத்தரித்துச் சீட்டாக்கி, ஒரு சீட்டுக்கு ஒரு வேலை என்று எழுதுவீர்கள். செய்ய வேண்டியது சட்டைப் பையில். செய்து முடித்தது கால்சட்டைப் பையில். சாயந்தரம் கால்சட்டைப் பையைக் குப்பைக் கூடையில் கவிழ்த்துவிட்டு, சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுப்பீர்கள். அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். அதில் கம்பெனி வேலை, வீட்டு வேலை, மாதா கோயில் வேலை எல்லாம் கலந்துகட்டிக் கிடக்கும். ஆறாம் நம்பர் பேரிங் வந்ததா என்று ஒரு சீட்டு. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஈரோட்டிலிருக்கும் மகள் மஞ்சள் கிழங்கு கேட்டாள் என்று இன்னொன்று. மஞ்சள் விளையும் ஊருக்குக் கோயமுத்தூரிலிருந்து மஞ்சள் கொண்டுபோகிற ஒரே தகப்பன் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று கிண்டல் செய்தேன். "புள்ள கேட்டுருச்சுங்க, குடுக்காம இருக்க முடியுங்களா?" என்றீர்கள்.

என் ஏற்பாடு வேறு. போனில் ஒரு ஆப். அதில் ஐந்து பட்டியல்: இன்று, இந்த வாரம், பிறருக்காகக் காத்திருப்பவை, பெரிய திட்டங்கள், எப்போதாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். காதில் விழுகிற எந்த வேலையையும் அந்த நிமிடமே அதில் ஏற்றிவிடுவேன். என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்து, "என் பேரு எந்தக் கலர்லங்க இருக்குது?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே பச்சை என்றேன். உண்மையில் அவள் பெயர் அதில் இல்லை, அவளுடைய கண் பரிசோதனை மட்டும் இருந்தது.

இந்த ஆப்பால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. மற்ற கம்பெனிகளிலிருந்து கூப்பிட்டு, வேலைகளை எப்படி ஒழுங்கு செய்வது என்று பேசச் சொன்னார்கள். நம் கம்பெனியிலும் கேன்டீன் ஹாலில் ஒரு சனிக்கிழமை பேசினேன். அன்றைக்கு நான் செய்ததை உங்களிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டதே இல்லை. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் சட்டைப் பையைப் போனில் படமெடுத்து, திரையில் பெரிதாகப் போட்டேன். பிதுங்கி, மை கசிந்து, ஒரு பொத்தான் தெறிக்கும் நிலையில் இருந்த பை. "இதுதானுங்க நம்ம ஸ்டோர்ஸோட மெயின் சர்வர்" என்றேன். முகம் தெரியாத படம்தான், ஆனாலும் இருநூறு பேரும் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிப் பையை மூடிக்கொண்டீர்கள். பிறகு டீ குடிக்கும்போது, "நல்லாப் பேசுனீங்க. எனக்கும் ஒருநா சொல்லிக் குடுங்க" என்றீர்கள். அதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் நீங்கள் கேட்டீர்கள். கண்ணாடியைத் தட்டவில்லை, சுற்றிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றீர்கள். கொஞ்சம் இளைத்திருந்தீர்கள். வயிற்றில் அல்சர் என்று சொல்லியிருந்தீர்கள், நானும் அதை நம்பியிருந்தேன்.

"ஏனுங்க, எனக்கு ஒரு மணி நேரம் வேணுமுங்க. ஊட்டு வேலை பூராம் என் தலைக்குள்ளயும் சீட்டுலயுமா கெடக்குது. உங்களுதாட்ட ஒழுங்கா ஒரு நோட்டுல எழுதிப்போடலாம்னு."

"எப்ப வேணுமுங்க?" என்று போனைக் கையில் எடுத்தேன். தேதி போடாமல் என் ஆப் எதையும் 'இந்த வாரத்தில்' சேர்க்காது.

"அவசரமில்லீங்க. உங்களுக்குத் தோதுப்படறப்பப் போதுமுங்க."

நான் தேதியை நிரப்பாமல் விட்டேன். தேதி இல்லாத வேலை தானாகப் போய் 'எப்போதாவது' பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துகொண்டது.

இதை வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. நம் பக்கத்தில் 'அவசரமில்லீங்க' என்ற சொல்லுக்கு என்ன மரியாதை உண்டு என்று எனக்குத் தெரியாதா? என் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, அன்னூரிலிருந்து சித்தி கார்க்காரருக்குப் போன் போட்டு, "சாப்புட்டுப்போட்டு மெதுவா வாங்க, அவசரமில்லீங்க" என்று சொன்ன குடும்பம் எங்களுடையது. அந்தக் கார்க்காரர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அவரிடம் ஆப் இல்லை. கேட்கிறவர் எதிராளிக்குச் சுமை கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது, காதில் வாங்கிக்கொண்டவர்தான் முகத்தைப் பார்த்து அவசரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் புரிந்துகொண்டு வந்தேன். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் கேன்டீனில் ஒருநாள் நினைவுபடுத்தினீர்கள். "ஞாயித்துக்கெழமை பாக்கலாங்க" என்றேன். "எத்தனை மணிக்குங்க?" என்றீர்கள். "மூணு மணி வாக்குல பாக்கலாங்க." பாக்கலாங்க என்பதும் நம்மூர் மரியாதைதான், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுகிறவர்கள் சொல்வது. நான் வரவில்லை. திங்கட்கிழமை நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்காததால், நீங்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரமும் அதே பேச்சு, அதே பாக்கலாம். மூன்றாவது வாரம் நீங்கள் லீவில் இருந்தீர்கள். போனில், "இந்த ஞாயித்துக்கெழமையாச்சும் ஊட்டுப்பக்கம் வர முடியுங்களா?" என்றீர்கள். சத்தியமங்கலத்தில் ஒரு மில்லுக்காக அடுத்த பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். முக்கியமான காரியத்துக்கு நேரத்தை ஒதுக்குவது எப்படி என்பது தலைப்பு. "கண்டிப்பாப் பாக்கலாங்க" என்றேன்.

லீவு முடிந்து வேலைக்கு வந்த பிறகும் நீங்கள் கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் நீங்கள் போய்விட்டதாக எச்.ஆரிலிருந்து சொன்னார்கள். அல்சர் இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்பதையும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சௌரிபாளையத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஈரோட்டிலிருந்து மகள், உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். உங்கள் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"அண்ணா, அவரு உங்களோட கம்பெனியிலயே மத்தியானம் மத்தியானம் உக்காந்து எல்லாத்தையும் எழுதிவெச்சுட்டதாச் சொன்னாருங்க. அந்த நோட்டு உங்ககிட்டத்தானே இருக்குதுங்க?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். சுற்றிலும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததெல்லாம், ஒழுங்குக்குப் பேர்போனவன் நிற்கிற இடத்தில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்பதுதான்.

"இருக்குதம்மணி," என்றேன். "முப்பதாம் நாள் முடியட்டும், கொண்டாந்து தாரேன்."

அன்றிலிருந்து அந்த இல்லாத நோட்டைத் தயாரிக்க ஆரம்பித்தேன். ஸ்டோர்ஸில் உங்கள் மேசையிலிருந்த சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் உங்கள் அப்பா பெயரில் இருக்கிறது என்று ஒரு சீட்டு சொன்னது. ஈபி ஆபீசுக்கு நடந்தேன். கேஸ் புக்கிங் உங்கள் போன் நம்பரில். போர்வெல் மோட்டாரைச் சரிசெய்கிறவர் யாரென்று உங்கள் தெருவில் விசாரித்தேன். மகளின் சான்றிதழ்கள் எந்தப் பெட்டியில் என்று மகளிடமே நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லீவு போட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அலைந்தேன். நீங்கள் இருந்தபோது ஒரு மணி நேரம் கிடைக்காத எனக்கு, நீங்கள் போன பிறகு முப்பது நாள் கிடைத்தது.

அந்தச் சீட்டுகளில் ஒன்று என்னைப் பற்றியது. 'பிளானிங்காரரு, 1 மணி நேரம்' என்று எழுதியிருந்தீர்கள். அதன் கீழே வேறு பேனாவில், 'ஆடிட் முடியட்டும்.' அதற்கும் கீழே, 'அவரு பாப்பா பரீட்சை முடியட்டும்.' ஆடிட்டும் பரீட்சையும் நடந்த தேதிகளைக் கணக்குப் பார்த்தால், நீங்கள் என்னிடம் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே இரண்டு மாதம் என் தோதுக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். என் மகளுக்குப் பரீட்சை என்பது எனக்கே ஆப் சொல்லித்தான் தெரியும். அந்தச் சீட்டை நோட்டில் ஒட்டவில்லை, யாரிடமும் காட்டவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நோட்டைக் கொடுத்தேன். நாற்பது பக்கம், அழகான அட்டவணை, என் கையெழுத்து. உங்கள் மனைவி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உறவுக்காரர்களிடம், "இவருதானுங்க அவரோட கடேசிக் காலத்துல தெனமும் கூட உக்காந்து எழுதிக் குடுத்தாரு" என்று சொன்னார். ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. நோட்டால் உங்கள் மனைவிக்கு உபயோகம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஈபி பெயர் மாறியது, கேஸ் நம்பர் மாறியது. ஒவ்வொன்றும் முடியும்போது அவர் போன் செய்து நன்றி சொல்வார். வைத்ததும் ஆப்பில் அந்த வேலைக்கு ஒரு டிக் போடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் மனைவி கூப்பிட்டார். "அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? அவசரமில்லீங்க." பதினைந்து நிமிட வழி. பத்து நிமிடத்தில் போய் நின்றேன்.

அவர் கையில் அந்த நோட்டு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுல எல்லாம் இருக்குதுங்க அண்ணா. மோட்டாரு, கேஸு, பட்டா, எல்லாம். ஆனா அத்தனை மத்தியானம் ரெண்டு பேரும் உக்காந்து பேசிருக்கறீங்க. என்னையப் பத்தி எதாச்சும் சொன்னாருங்களா? எங்கிட்டக் கடேசி வரைக்கும் நோவைப் பத்தி ஒண்ணுமே பேசலீங்க. பேசுனா நான் அழுதுபோடுவேன்னு பேச்ச மாத்திப்போடுவாரு. உங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

பொய் நாக்கு நுனிவரை வந்தது. உங்களைப் பத்தியேதான் பேசுவாருங்க என்று ஒரு வரி சொன்னால் அவர் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொள்வார். எனக்கும் பேர் இருக்கும். ஆனால் அது நீங்கள் சொன்னதாகிவிடும். உங்கள் சட்டைப் பையைத் திரையில் போட்டவன், இப்போது உங்கள் வாயிலும் என் வார்த்தையைப் போடுவதா? என்னால் முடியவில்லை.

"அம்மணி, நாங்க உக்காரவே இல்ல," என்றேன். "ஒருநாகூட. அவரு கேட்டாரு, நான்தான் வரல. இந்த நோட்டு அவரு போனதுக்கப்புறம் நானா எழுதுனது."

சீட்டு, ஆப், பாக்கலாங்க, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் நோட்டை மடியிலிருந்து எடுத்து டீப்பாயின் மேல் வைத்தார்.

"மூணு ஞாயித்துக்கெழமைங்க அண்ணா," என்றார். "பூசைக்குப் போயிட்டு வந்து, நோவோட, உள்ளாற இருந்து ரெண்டு நாற்காலியும் இந்த டீப்பாயும் அவரே தூக்கியாந்து வாசல்ல போட்டாரு. என்னையத் தொட உடல. எதுக்குங்கன்னு கேட்டா, பிளானிங்காரரு மூணு மணிக்கு வாராருன்னாரு. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருப்பாரு. அப்பறம் நான் எடுத்து உள்ள வெப்பேன். மூணாவது வாரம் என்னால தாங்க முடியாம உங்களத் திட்டிப்போட்டேனுங்க. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்சப்பறந்தான் சொன்னாரு, கம்பெனியிலயே எழுதி முடிச்சாச்சு, நீ அவரத் திட்டாதேன்னு."

குரல் உயரவே இல்லை.

"அப்ப நான் திட்டுனது சரிதானுங்க."

ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். "குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். இனி அவர் என்னை அழைக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அழைக்கவும் வேண்டியதில்லை, நோட்டில் எல்லாம் இருக்கிறது.

என் பெயரைக் காப்பாற்ற நீங்கள் உங்கள் மனைவியிடம் சொன்ன அந்த ஒரு பொய்தான் உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. அதற்கு நான் தகுதியானவன் இல்லை. திருப்பித் தரவும் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். முடித்த வேலைகளை என் ஆப் அழிப்பதில்லை, நாளும் நேரமும் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேடினேன். முதல் ஞாயிறு, செருப்பு ஸ்டாண்டை அடுக்கியிருக்கிறேன். இரண்டாவது ஞாயிறு, போனில் இருந்த பழைய படங்களை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது ஞாயிறு, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, 'எப்போதாவது' பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து முடித்ததாக டிக் போட்டிருக்கிறேன். நீங்கள் அதில் நான்காவது வரி. படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.